ஜோசியரின் பக்கத்து சீட்

எங்கள் பத்திரிகையில் அவரை ‘ஜோசியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமா விருது சீசன் வந்துவிட்டால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. சிறந்த நடிகர் யார், சிறந்த நடிகை யார் என்று முன்கூட்டியே எழுதுவார். எழுதினது அப்படியே பலிக்கும். மற்ற பத்திரிகைக்காரர்களுக்கு வயிறு எரியும். அவர் என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா. அவருடைய பக்கத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. அதனால் ஆபீசில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்: ஜோசியருக்குக் கண் தெரியாது.

பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். வேலை போய்விடுமே என்று வெளியே மூச்சுவிடவில்லை. அக்காதான் ஒவ்வொரு படத்துக்கும் கூடவே போய், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காதோடு காதாகச் சொல்லுவாள். “இவன் அழறதுக்கு முன்னாடியே மூக்கை உறிஞ்சறான். இவனுக்கெல்லாம் எவன் விருது குடுப்பான்?” என்பாள். அவர் அதை நல்ல தமிழாக்கி எழுதுவார், அவ்வளவுதான். பார்த்தது அவள், பேர் வாங்கினது அவர். எனக்கு இதில் எப்போதும் ஒரு கடுப்பு உண்டு.

அக்கா போன வருஷம் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக அவளோடு ஒரு வார்த்தை பேசக் கிடைக்கவில்லையே என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

மாமா இனி எழுத மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த சீசனிலும் வழக்கம்போல போனில் பேசிப் பதிவு செய்து விமர்சனம் அனுப்பினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருத்தி, வீட்டில் தனியாக நாளைக் கழிப்பதுதான் படம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒரு பாத்திரத்தின் மேலேயே முழுப் படமும் நிற்கிறது. வசனமும் ரொம்பக் குறைவு. மாமா சொல்லியிருந்தார்: ‘சாவியை மாட்டப் போனவள், ஆணிவரை போய்விட்டு, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொள்கிறாள். வெளியே போக இன்னொரு சாக்கு தேடுகிறாள். விருது இந்த நடிகைக்குத்தான்.’ படத்தின் சத்தத்தை மட்டும் கேட்டு எழுதுகிற வரியா இது?

யாரையோ துணைக்குப் பிடித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அடுத்த வரியில் என் கை நின்றுவிட்டது. ‘அவளுடைய நீல யூனிஃபார்ம்’ என்றிருந்தது. படக் கம்பெனியிலிருந்து எனக்கு வந்த போட்டோவில் அது நல்ல பச்சை. அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே பச்சையும் நீலம்தான். அதை வைத்து அவளை நாங்கள் ஓட்டாத நாளில்லை. இத்தனை வருஷமும் மாமாவின் நீலத்தைச் சத்தமில்லாமல் பச்சையாக்கி அனுப்பினவன் நான்.

பத்திரிகைக்காரர்களுக்கான அடுத்த காட்சிக்குச் சொல்லாமல் போய், மாமாவுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. தியேட்டரில் காலியாக இருந்த மற்ற சீட்டெல்லாம் மடங்கி மேலே நின்றது. அந்த ஒரு சீட் மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி கீழே விரிந்தே இருந்தது.

படம் ஓடிக்கொண்டிருந்தது. “இப்ப என்ன பண்றான்?” என்று மாமா அந்தப் பக்கம் சாய்ந்து கேட்டார். கொஞ்சம் பொறுத்துத் தலையாட்டினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. முன்னால் எக்கி அவர் தோளைத் தொட்டேன்.

“மாமா, நான்தான். பக்கத்துல அக்காவா?”

“வேற யாரு வருவா எனக்கு? மெதுவாப் பேசு மச்சான், படம் ஓடுது.”

“நான் வந்திருக்கேன்னு சொல்லுங்க மாமா. தம்பி வந்திருக்கான்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க.”

மாமா சாய்ந்து எதையோ முணுமுணுத்தார். ரொம்ப நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“‘தம்பியா? இந்தப் படத்துல தம்பின்னு யாருமே வரலையே’ங்கறா.”