ஜப்பானில் அம்சவள்ளி ஒரு சுற்று ஜெயித்தாள்

மலேசியாவின் புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கும் அம்சவள்ளி, நாற்பத்து நான்கு வயதில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மோட்டார் அப்போது வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. இந்தக் கடைசி விவரத்தை அவள் கணவன் புனிதன் மட்டும்தான் எல்லாரிடமும் சொன்னான்.

மாவுக்கட்டைப் பிரித்ததும் மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிப் பழகச் சொன்னார்கள். அமுக்கி அமுக்கிச் சலித்துப்போய்த் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். பிறகு இரண்டு பந்து, அப்புறம் மூன்று. பாலர் பள்ளியில் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் உருளைக்கிழங்குகளைக் காற்றில் சுழலவிட்டாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆசிரியை கரண்டியை உள்ளே விட்டாள்.

இதற்கு ஜக்லிங் என்று பெயர் இருப்பதும், உலகம் முழுக்கப் போட்டி நடப்பதும் ரவாங்கில் வேலை பார்க்கும் மகள் மாலா சொல்லித்தான் தெரிந்தது. தீபாவளிக்கு மாலா பாட்டில் போலிருந்த மூன்று பிளாஸ்டிக் கட்டைகளை வாங்கி வந்தாள். சேலை எதிர்பார்த்திருந்த அம்சவள்ளி அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மறுநாள் கட்டைகளும் காற்றில் சுழன்றன.

வீட்டுக்குப் பின்னால்தான் பயிற்சி. வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்; அதில் குரங்குகள். கட்டைகளுக்கு முன் எலுமிச்சம்பழத்தை வீசிப் பழகிய காலத்தில் பாதியைப் பிடித்தவை அவைதான். கட்டைகள் வந்த பிறகும் அவற்றுக்கு ஆசை விடவில்லை. ஒரு தடித்த கடுவன் மட்டும் வேலியில் உட்கார்ந்து, சரியான நேரத்தில் கையை நீட்டும். கட்டைகள் கீழே விழாமல் சட்டென்று முதுகைத் திருப்பி, “ச்சூ, போ!” என்று விரட்ட அம்சவள்ளி பழகிக்கொண்டாள்.

ஜப்பானில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு ஜக்லிங் விழாவுக்கு மாலா அம்மாவின் வீடியோவை அனுப்பிவைத்தாள். மேடைப் போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, மன்னிக்கவும்; ஆனால் விழாவின் பொது விளையாட்டுகளில் யாரும் கலந்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. மாலா பிற்பாதியை மட்டும் படித்துக் காட்டினாள்.

“கூப்பிட்டுட்டாங்கமா. அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.”

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற புனிதன் அதுவரை விமானம் ஏறியதில்லை. பயணம் முழுக்க ஓட்டுநரின் முகத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

முதல் நாள் மேடைப் போட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் ஏழு பந்துகளை வீசினார். ஒரு பெண் கயிற்றின் மேல் பம்பரம் போன்ற ஒன்றைக் கூரைவரை எறிந்து, தான் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பிடித்தாள். மூன்று மரப்பெட்டிகளை ஒட்டவைத்ததுபோல் ஆட்டிக்காட்டிய ஒருவர், கடைசியில் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டுப் பெட்டிகளைப் பார்த்துத் தலைவணங்கினார். அரங்கம் கைதட்டி அவரைத் தேற்றியது. கைதட்டல் ஓய்ந்ததும் புனிதனின் குரல்தான் தனியாகக் கேட்டது.

“பாவம்லா, அவ்வளவு நேரம் நல்லாத்தான் செஞ்சாரு.”

தன் பெயர் மேடைப் பட்டியலில் இல்லை என்பது அம்சவள்ளிக்கு அன்றுதான் தெரிந்தது. தொலைபேசியில் மாலாவை ஒரு பிடி பிடித்தாள். பிறகு மேடையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கூப்பிடாததே நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விளையாட்டு மண்டபத்தில் கட்டைச் சண்டை. எல்லாரும் வட்டத்துக்குள் நின்று மூன்று கட்டைகளைச் சுழற்ற வேண்டும். அடுத்தவர் கட்டையைத் தட்டிவிடலாம். கட்டை விழுந்தால் வெளியேற வேண்டும். கடைசியாக நிற்பவருக்கு அந்தச் சுற்று. மூன்று சுற்று ஜெயிப்பவருக்குக் கோப்பை.

பஞ்சாபி உடையில் ஓரமாக நின்ற அம்சவள்ளியைத் தட்டிவிட யாருக்கும் மனம் வரவில்லை. அவள் வயதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தவர்கள் லேசாகக் குனிந்து வணங்கிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள். அப்படியே வட்டம் காலியாகி, அவளும் ஹிகுச்சி என்ற இளைஞனும் மட்டும் மிஞ்சினார்கள். போன ஆண்டுக் கோப்பை அவனுடையது.

ஹிகுச்சி ஒரு கட்டையை உயர எறிந்துவிட்டுக் கையை நீட்டினான். அம்சவள்ளியின் முதுகு தானாகத் திரும்பியது. அவன் இந்தப் பக்கம் வந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். மூன்றாவது முறை கை மிக அருகே வந்தபோது அவளை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“ச்சூ, போ!”

ஹிகுச்சி திடுக்கிட்டு ஒரு எட்டு பின்வாங்கினான். அவன் எறிந்த கட்டை அவன் தோளிலேயே விழுந்தது. மண்டபம் முழுவதும் கைதட்டியது. அம்சவள்ளிக்கு வெட்கத்தில் காது சுட்டது.

ஹிகுச்சி குனிந்து வணங்கி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் மிகப் பணிவாகக் கேட்டான். குரங்கை விரட்டுவது என்று எப்படிச் சொல்வது?

“மீனிங்... பீ கேர்ஃபுல்,” என்றாள்.

அடுத்த சுற்றில் மொத்த வட்டமும், ஒருவர் கட்டையை ஒருவர் தட்டும் முன், மரியாதையாக “ச்சூ” என்று சொல்லிக்கொண்டது. அம்சவள்ளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதல் ஆளாக வெளியேறினாள். அதற்கடுத்த சுற்றுகளில் யாரும் அவளுக்கு வழிவிடவில்லை. கோப்பை மறுபடியும் ஹிகுச்சிக்கே போனது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு சுற்று ஜெயித்ததைப் புனிதன் வீடியோ எடுத்திருந்தான், அது போதும்.

இரவு விடுதியில் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, புனிதன் முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறான். தொடக்கம் முதல் முடிவுவரை அவன் முகம் மட்டும்தான். கவலைப்படுகிறான், பல்லைக் கடிக்கிறான், கண்ணை மூடுகிறான், கடைசியில் எழுந்து குதிக்கிறான்.

அம்சவள்ளி அவனைத் திட்டத்தான் வாயெடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுத்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.

“சாமி கும்பிட்டீங்களா?”

“கும்பிட்டா என்ன இப்போ?”

அந்த வீடியோ இப்போது உறவுக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அம்சவள்ளி தேநீர் கொடுத்து அதைப் போட்டுக்காட்டுகிறாள். திரையில் புனிதனின் முகம் மாறமாற, பக்கத்தில் நின்று, அந்தந்த நேரத்தில் தான் என்ன செய்தாள் என்று நடித்துக் காட்டுகிறாள்.