பங்களாவுக்குப் போன நாற்பத்தெட்டுக் கோப்பைகள்

என் பட்டறை வாசலில் அழகான பெயர்ப்பலகை ஒன்று மாட்டியிருக்கிறேன். யாரும் அதைப் படிப்பதில்லை. பொகவந்தலாவை பஸ்ஸில் விசாரித்தால், "பிள்ளைக்காம்பராவுல சட்டி செய்யுமே, அந்தப் பொம்பளையா?" என்று கேட்டுத்தான் வழி சொல்வார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போன பழைய கட்டடம் அது. தோட்டத்தில் புதிதாக ஒன்று கட்டியதும் இதை நான் வாடகைக்கு எடுத்தேன். நானும் இங்கே தொட்டிலில் கிடந்தவள்தான். தொட்டில் கட்டிய உத்தரத்தில் இப்போது என் சக்கரத்துக்கான விளக்கு தொங்குகிறது. நான் செய்வது சட்டி இல்லை, கோப்பை என்று திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

கோப்பை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மறைக்கப்போவதில்லை. ஐந்து வருடம் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தேன். பிறகு கண்டிக்குப் பக்கத்தில் ஒரு மட்பாண்டப் பட்டறையில் நான்கு வருடம் இருந்து இந்தத் தொழிலைக் கற்றேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளைத்தான் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் விறகாகக் கட்டித் தூக்கி வருவார்கள். அந்த அடுப்புச் சாம்பலைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் கரைத்து, மூன்று தரம் சலித்து, கோப்பைக்குப் பூசும் கலவையில் சேர்ப்பேன். சூளையிலிருந்து வெளியே எடுக்கும்போது ஒரு சாம்பல் பச்சை ஏறியிருக்கும். அந்த நிறம் கொழும்பில் யாருக்கும் வராது. வந்தால் கொண்டுவந்து காட்டட்டும்.

போன மழைக்காலத்தில் ஹட்டன் பக்கத்துப் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கினார்கள். அதன் மேனேஜர் கொழும்புத் தமிழர். ஜீப்பில் வந்து இறங்கி, பிடி வைத்த நாற்பத்தெட்டு டீக்கோப்பை வேண்டும், திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றார். முடியாவிட்டால் கொழும்பிலேயே ஒரு பட்டறை இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார். வெளியே நாலு நாளாக விடாத மழை. அந்த ஈரத்தில் சுடாத மண் கோப்பை காயவே பத்து நாளாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது ஒரே சொல்.

"சரிங்க."

பங்களாவிலிருந்து யார் வந்தாலும் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வருவது அதுதான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் என் அம்மா முப்பது வருடம் சொன்ன சொல் அது. எனக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறது, சூளை இருக்கிறது, ஆனால் ஜீப்பைப் பார்த்ததும் நாக்கு பெரட்டுக்களத்துக்குப் போய்விட்டது. அன்று என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

வாக்குக் கொடுத்தாயிற்று. மூன்று நாளில் நாற்பத்தெட்டையும் சக்கரத்தில் எழுப்பி, அடியைச் சீவி, பிடி ஒட்டி முடித்தேன். காயத்தான் வழியில்லை. அப்போதுதான் லயத்துப் புத்தி வேலை செய்தது. மழை நாளில் எங்கள் வீடுகளில் ஈர விறகு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை, கம்பளி எல்லாம் காய்வது அடுப்புக்கு மேலேதான். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிய பழைய அடுப்பு பட்டறையில் அப்படியே இருந்தது. அதற்கு மேலே பலகை போட்டு, கோப்பைகளை வரிசையாக அடுக்கி, இரண்டு நாள் விறகு எரித்தேன். தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மா பக்கத்து லயத்தில்தான் இருக்கிறாள், தினமும் வந்து உட்காருவாள். எட்டிப் பார்த்து, கருவாடு எப்போது தயாராகும் என்று கேட்டாள்.

முதல் சூடு போட்டு, பத்தாம் நாள் சூளையைத் திறந்தேன். முப்பத்தொரு கோப்பையில் பிடி ஒட்டிய இடத்தில் தலைமுடி அளவுக்கு விரிசல். பிடி மெல்லியது. அடுப்புச் சூட்டில் அது முந்திக் காய்ந்து சுருங்கியிருக்கிறது, கோப்பையின் உடம்பு இன்னும் ஈரமாகவே இருந்திருக்கிறது. பார்க்க நன்றாக இருந்த மிச்சப் பதினேழையும் என்னால் நம்ப முடியவில்லை. கொதிக்கும் டீயோடு ஒருத்தர் தூக்கும்போது பிடி மட்டும் கையோடு வந்தால்? எல்லாவற்றையும் பின்பக்கம் கொண்டுபோய் நானே உடைத்தேன். உடைக்கும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் உடைத்தேன்.

அதைவிட அவமானம் வேறொன்று. சூட்டால் அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாதவளா நான்? மழை நனைத்த கொழுந்துக்கு கொதிக்கக் கொதிக்கச் சூட்டுக் காற்றை விட்டால் இலை ஓரம் கருகும், காம்பு பச்சையாகவே நிற்கும். அப்படி விட்டவர்களை ஐந்து வருடம் திட்டித் தீர்த்தவள் நான். குளிர்ந்த காற்றை அடியிலிருந்து மெதுவாக விட்டு, இலையும் காம்பும் ஒரே பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மண்ணுக்கும் அதுதான் கணக்கு.

போனை எடுத்தேன். இந்தத் தடவை நாக்கை அதன் போக்கில் விடவில்லை.

"இன்னும் மூணு வாரம் வேணுங்க. அதுக்கு முந்தி தர ஏலாது."

விழாவுக்கு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மேனேஜர் கேட்டார்.

"மழை பெய்யுதுன்னு சொல்லுங்க. பொய் இல்லதானே."

கொழும்பில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆர்டர் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பங்களாவுக்கு "ஏலாது" என்று சொல்லிவிட்டேனே என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், தான் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்கை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். ஈரம் புகாத தடித்த சீலை அது.

நாற்பத்தெட்டையும் புதிதாகச் செய்து பிடி ஒட்டி, படங்கை நாடா நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு பிடியிலும் சுற்றினேன். பிடி மூடியிருக்கட்டும், உடம்பு முதலில் காயட்டும். கம்பி வலையை உயர்த்திக் கட்டி, கோப்பைகளைக் கவிழ்த்து வைத்து, அடியில் ஒரு மின்விசிறியை மெல்ல ஓடவிட்டேன். தினமும் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. சில்லிப்பு விட்ட பிறகுதான் நாடாவை அவிழ்த்தேன். சூளையில் ஒன்றுகூட விரியவில்லை. ஒன்றுகூட. அன்று பட்டறைக்குள் நான் நடந்த நடையைப் பார்த்து, துரைசாணி வருகிறாள் என்று அம்மா கிண்டல் செய்தாள்.

சொன்ன நாளில் மேனேஜர் வந்தார். விழாவை வாடகைக் கோப்பைகளை வைத்து முடித்துவிட்டாராம். கொழும்புக் கோப்பையையும் பார்த்தாராம், வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி ஞாபகம் வந்ததாம். அம்மா ஒரு புதுக் கோப்பை நிறைய பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். பிடியில் இரண்டே விரலைக் கொடுத்துத் தூக்கினார், ஆட்டிப் பார்த்தார், குடித்தார். நாற்பத்தெட்டையும் ஏற்றச் சொன்னார். பிறகு அறுபது தட்டு வேண்டும், அடுத்த மாதக் கடைசிக்குள் கிடைக்குமா என்று கேட்டார்.

நான் வெளியே பார்த்தேன். மலை முழுக்கப் பனிமூட்டம்.

"ஏலாதுங்க. ரெண்டரை மாசம் ஆகும்."

அவர் கையிலிருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிங்க," என்றார்.

அம்மா டீக் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பங்களாவிலிருந்து வந்த ஒருவர் வாயால் அந்தச் சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.