பின்வளவில் மூட்டிய தீ

கந்தப்போடி பஸ்ஸைவிட்டு இறங்கியபோதே புகை மணத்தது. தெரு திரும்பியதும், கனடாவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர் குடியிருந்த வீட்டின் பின்புறத்திலிருந்துதான் அது எழும்புகிறது என்று கண்டார். சாப்பாட்டுப் பையை நடைபாதையிலேயே போட்டுவிட்டு ஓடினார். தொண்ணூறில் மட்டக்களப்பில் அவருடைய வீடு எரிந்தபோது தூரத்தில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. இப்போது பேஸ்மென்டில் அவர் மனைவி தங்கேஸ்வரி தனியாக இருந்தாள்.

பின்வளவுக்குள் பாய்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புல்தரையில் இரண்டு நெருப்புகள் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. சுற்றிவர நாற்காலி போட்டு, நரைத்த தலைகளோடு ஏழெட்டு வெள்ளைக்காரர் கோப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி மொரீன் தலையில் மஞ்சள் பூ வளையம் வைத்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுசி. ஒருநாளும் பூ வைத்துக் கந்தப்போடி கண்டதில்லை. அந்த மனுசிக்கு விறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தங்கேஸ்வரி.

"பயந்துவிட்டாயா? இன்றைக்கு பெல்ட்டேன்," என்றார் மொரீன். "கோடையை வரவேற்கிற நாள். அயர்லாந்தில் என் அப்பாவின் ஊரில் மாடுகளை இரண்டு நெருப்புக்கும் நடுவால் ஓட்டுவார்களாம், நோய் வராது என்று. எனக்கு ஏது மாடு?" என்று தன் கிழட்டு நாயைக் கழுத்துப் பட்டியில் பிடித்து நடுவால் கூட்டிப்போனார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கந்தப்போடி தங்கேஸ்வரியின் பக்கத்தில் போய் நின்றார். "என்ன புள்ள இது? முன்னமே தெரியுமா உனக்கு?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் இன்னொரு விறகை எடுத்து மொரீனிடம் நீட்டினாள். குளிருக்குக் கணுக்கால்வரை நீண்ட ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள்.

இருட்டத் தொடங்கியபோது மொரீன் நெருப்பைக் கலைத்து, தணலைப் புல்லின்மேல் ஒரு பாய் அளவுக்கு நீளமாகப் பரப்பினார். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு அதைத் தாண்ட வேண்டுமாம். ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து, ஓரத்தின் ஒடுங்கிய இடத்தைத் தாண்டிக் குதித்தார்கள். எல்லாரும் சப்பாத்தோடு. ஒருவர் கையில் பியர் போத்தலோடு. கந்தப்போடியின் ஊரில் திரௌபதை அம்மன் கோயில் தீக்குழியில் இறங்குகிறவர்கள் நாட்கணக்காக விரதம் இருந்து, கடலில் குளித்து, மஞ்சள் பூசி வருவார்கள். தீயோடு இப்படியும் விளையாடலாமா?

அதை மனைவியிடம் சொல்லத் திரும்பினார். அவள் பக்கத்தில் இல்லை. அவள் நின்ற இடத்தில் ஜாக்கெட்டும் சப்பாத்துச் சோடியும் கிடந்தன.

தங்கேஸ்வரி தணலின் நீளவாட்டில் ஒரு முனையில் நின்றாள். மஞ்சள் சேலை. வெறுங்கால். கூப்பிய கை. அவர் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். ஓடவில்லை, குதிக்கவில்லை, கோயிலில் நடப்பதுபோல அடிமேல் அடிவைத்து, தணலின் நடுவால் முழு நீளமும் நடந்து அந்தப் பக்கம் ஏறினாள்.

யாரோ வீரிட்டார்கள். ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. மொரீன் ஓடிப்போய் அவளைத் தூக்காத குறையாக நாற்காலியில் இருத்தி, ஒரு வாளித் தண்ணீருக்குள் கால்களை அமுக்கினார். "ஏன்? ஏன் இவள் இப்படிச் செய்தாள்?" என்று கந்தப்போடியைப் பார்த்துக் கத்தினார். அவருக்கு என்ன தெரியும்?

"இது மகனுக்கு வச்ச நேர்த்திக்கடன்," என்றாள் தங்கேஸ்வரி மெதுவாக. "அவன ஆமி புடிச்சிக்கிட்டுப் போன அண்டைக்கு வச்சது. உசிரோட தந்தா உன்ட தீயில இறங்குறன் தாயே எண்டு கும்பிட்டன். அவ தந்துட்டா. நாமதான் கோயிலுக்குப் போகாம பிளேன் ஏறிட்டம்."

"இவ்வளவு காலம் எனக்கு ஒரு சொல்லுச் செல்லலியே?"

"செல்லியிருந்தா உட்டிருப்பீங்களா? மொரீன் தீ மூட்டப் போறா எண்டு தெரிஞ்ச நாளிலயிருந்து விரதம் புடிச்சன். மீன் மணம் புடிக்கல்ல எண்டு உங்களுக்குப் பொய் செல்லிட்டன்."

அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரே அறையில், ஒரே அடுப்பில், ஒரே கட்டிலில் இத்தனை வருசம். அவளுக்குள் இப்படி ஒரு தீக்குழி வெட்டிக் கிடந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்த இங்கிலீசில் மொரீனுக்குச் சொல்ல முயன்று, "சன்... சோல்ஜர்..." என்று சொல்லித் தணலைக் கைகாட்டினார். அதற்குமேல் மொரீன் கேட்கவில்லை. வாளியிலிருந்து கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துத் துடைத்தார். வலது குதிகாலில் ஒரு கொப்புளம் மட்டும்.

டோனற் பலகாரக் கடை வேலை முடிந்து வந்த அந்த மகன், கிருஷாந், கதையைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு, "ஆர் யூ கிரேசி, அம்மா?" என்று கத்திவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். கண் சிவந்து வெளியே வந்தவன் தாயின் குதிகாலுக்கு மருந்து பூசினான்.

அடுத்த வருசமும் மொரீன் தீ மூட்டினார். தங்கேஸ்வரி தேத்தண்ணி குடித்தபடி நாற்காலியில் இருந்து வேடிக்கை பார்த்தாள். கந்தப்போடி மட்டும் அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "இன்னும் ஏதும் நேர்த்தி பாக்கி கிடக்கா, புள்ள?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் அவள். "கிடந்தா செல்ல மாட்டனா?"

அவர் நம்பவில்லை.