சர்க்கரை குறைஞ்ச சின்னம்மா

கொடிகாமம் சந்தையில், பொருளை வாங்கவேண்டாம் என்று சொல்லி வியாபாரம் செய்கிற ஒரே ஆள் என் சின்னம்மா உதயகலாதான். கத்தரிக்காய்க் குவியலில் யாராவது கையை வைத்தால் போதும், தொடங்கிவிடுவார்.

“தங்கச்சி, உதை எடுக்காதை. உது நேற்றையான்.”

“அப்ப ஏன் அக்கா பரப்பி வைச்சிருக்கிறியள்?”

“இண்டையான் அழகாத் தெரியவேண்டாமே?”

வந்தவள் சிரித்துவிட்டு, கேட்க வந்ததை விடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவாள். இதுவும் ஒரு விளம்பரம்தானே என்று நான் ஒருநாள் கேட்டேன். மரவள்ளிக்கிழங்கு ஒன்று என் தலைக்கு மேலால் பறந்து போனது.

விளம்பரம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பகை. பின்னேரத்தில் ரீவியில் நாடகம் ஓடும்போது நாங்கள் எல்லோரும் நாடகம் பார்ப்போம். சின்னம்மா இடையில் வருகிற விளம்பரத்தைத்தான் பார்ப்பார், சண்டை பிடிப்பதற்காக.

“சேத்துக்குள்ளை விழுந்து எழும்பி வாறான் பெடியன். தாய் சிரிக்கிறாள். உடுப்புத் தோய்க்கிறவள் சிரிப்பாளே? முதுகிலை ஒண்டு போடமாட்டாளே?”

பற்பசைக்கு வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வருவார். “உவருக்கு நோயாளியள் இல்லையாக்கும். அதுதான் உதிலை வந்து நிக்கிறார்.” கிழங்குப் பொரியல் பைக்கற்றை நான் உடைத்தால், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “காத்தையும் நிறுத்தே விக்கிறாங்கள்?” என்பார்.

ஆனால் இலவசம் என்று எழுதியிருந்தால் மட்டும் சின்னம்மாவின் கை தானாக நீளும். சவர்க்காரத்தூளோடு ஒட்டி வந்த பிளாஸ்ரிக் கோப்பைகள் எங்கள் குசினியில் அடுக்கடுக்காக இருக்கின்றன. “தூள் கூடாது, கோப்பை நல்லது” என்பது அவருடைய தீர்ப்பு. அந்த ஒரு பலவீனத்தின் வழியாகத்தான் எல்லாம் உள்ளே வந்தது.

சாதாரண தரப் பரீட்சையில் கணக்கும் நானும் பிரிந்துபோன பிறகு, நான் சின்னம்மாவோடு சந்தைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தேன். ஒருநாள் காலை ஊதா நிறத்தில் ஒரு வான் வந்து நின்றது. ஊதா பெனியன் போட்ட பிள்ளைகள் இறங்கி, “சுகமூலி” என்கிற மூலிகைத் தேயிலையைக் கடதாசிக் கோப்பைகளில் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார்கள். சும்மா கொடுத்தார்கள். சின்னம்மா வாங்கிக் குடித்தார்.

“எப்படி இருக்கு ஆன்ட்டி?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

“சூடா இருக்கு.”

சின்னம்மா அந்தத் தேயிலையைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

ஒருவன் கமராவைத் தூக்கினான். சிரிக்கச் சொன்னான். “ஏன் சிரிக்க?” என்றார் சின்னம்மா. கமராவுக்கு முன்னால் அவருக்குச் சிரிப்பு வராது. அடையாள அட்டையில் பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பார். நான் படமெடுக்கிறவனுக்குப் பின்னால் போய், இரண்டு பச்சை மிளகாயை வாயின் இரண்டு பக்கமும் கொம்பன் பன்றி மாதிரிச் செருகி, காதுகளை இழுத்துப் பிடித்தேன். சின்னம்மா கோப்பையும் கையுமாகச் சிரித்துவிட்டார். இடது கன்னத்தில் ஒரு மடிப்பு விழுகிற சிரிப்பு அது. வீட்டில் எனக்கு நாளுக்குப் பத்துத் தரம் கிடைக்கிறது.

“படத்தைப் போடலாமா ஆன்ட்டி?”

“போடுங்கோ, போடுங்கோ” என்றார், கைபேசியில் போடப்போகிறார்கள் என்று நினைத்து. இரண்டு பெட்டித் தேயிலையும் ஒரு ஊதாக் கோப்பையும் கொடுத்தார்கள். வீட்டில் ஒருதரம் அவித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை மல்லிகைக்கு ஊற்றினார். கோப்பை அடுக்கில் சேர்ந்தது.

மாரி தொடங்குகிற நேரம், சந்தைக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில், மாடிக் கட்டடத்தின் நெற்றியில், பெரிய விளம்பர போட் ஒன்றில் சின்னம்மா முளைத்தார். ஒவ்வொரு பல்லும் செங்கல் அளவு. பக்கத்தில் பெரிய எழுத்தில், “என் சர்க்கரை குறைஞ்சிடுச்சு! நம்பி வாங்குங்க!” கீழே சின்ன எழுத்தில், “உதயா ஆன்ட்டி, காய்கறி வியாபாரி.”

சந்தையே சிரித்தது. எங்களுக்குச் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிறது. வருத்தத்துக்கு நாங்கள் சீனி வருத்தம் என்போம். அந்த வருத்தமும் சின்னம்மாவுக்கு இல்லை.

பக்கத்தில் வெற்றிலை விற்கிற தியாகலிங்கம் அண்ணைதான் முதலில் தொடங்கினார்.

“என்ன உதயகலா, வீட்டிலை சர்க்கரை முடிஞ்சுதாமே? என்னட்டைச் சொல்லியிருந்தால் அரைக் கிலோ கொண்டுவந்திருப்பன். உப்பிடி மாடியிலை ஏறி நிண்டு ஊருக்குச் சொல்லவேணுமே?”

“பொங்கலுக்கு நாள் கிடக்கு அண்ணை. ஆறுதலாக் கொண்டுவாங்கோ.”

தியாகலிங்கம் அண்ணைக்கு உண்மையிலேயே சீனி வருத்தம். சட்டைப் பையில் மருந்துக் குளிசை இருக்கும். சீனி போடாத பிளேன்ரீயைக் குடிக்கிறபோது, யாரோ கள்ளக் கேஸ் போட்டு உள்ளே தள்ளிய ஆள் மாதிரி முகத்தை வைத்திருப்பார். இருவரும் விடிந்தால் பொழுதுபட்டால் கொழுவிக்கொள்வார்கள். ஆனால் ஒரு குடை வாங்குவதென்றாலும் அண்ணை சின்னம்மாவைக் கேட்காமல் வாங்கமாட்டார்.

இந்தத் தேயிலையை மட்டும் கேட்காமல் வாங்கினார். ஒருநாள் சுடுதண்ணிப் போத்தலில் இருந்து மண்ணிறமாக எதையோ ஊற்றிக் குடித்தார். மணத்திலேயே சின்னம்மாவுக்கு விளங்கிவிட்டது.

“குடியுங்கோ அண்ணை, குடியுங்கோ. சர்க்கரை குறையும்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணையும் சிரித்தார். மூன்று பேரும் ஒரே பகிடிக்குச் சிரிக்கிறோம் என்றுதான் நான் நினைத்தேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில் அண்ணையின் இடம் வெறுமையாகக் கிடந்தது. முதல்நாள் காய்ச்சலாக்கும் என்றோம். பிறகு கலியாண வீடாக்கும் என்றோம். பிறகு அவருடைய மனைவி குணலட்சுமி வந்து, வெற்றிலைக் கடகத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார்.

“அண்ணையைக் காணேல்லை, அக்கா?”

“பெரியாஸ்பத்திரியிலை.”

“என்னவாம்?”

“செருப்புக் கடிச்ச புண். மாறேல்லை. விரல் கறுத்துப் போச்சு. பாதத்தோடை எடுக்கவேணுமாம்.”

சின்னம்மாவின் கையில் இருந்த தேசிக்காய் அப்படியே இருந்தது. “மருந்து ஒழுங்காப் போடுறவர்தானே?”

“குளிசையை எப்பவோ நிப்பாட்டிப்போட்டாரடி. எனக்கும் சொல்லேல்லை. கேட்டால், நீ சொன்னனியாம்.”

குணலட்சுமி கத்தவில்லை. ஏசவில்லை. வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு எழுந்து போனார். ஏசியிருந்தால் சின்னம்மாவும் திருப்பி ஏசியிருப்பார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடுத்து முடிந்திருந்தது. போர்வை ஒரு பக்கத்தில் சீக்கிரமாக முடிந்தது. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நான் எப்ப அண்ணை உங்களுக்குச் சொன்னனான்?” என்றார் சின்னம்மா.

“போட்டிலை நிண்டு சொன்னாய். பிறகு நான் குடிக்கேக்கையும் குடியுங்கோ எண்டாய்.”

“அது பகிடியெல்லே.”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீ ஒரு கத்தரிக்காயையும் வாங்கச் சொல்லாதவள். நீயே ஒண்டை வாங்கு எண்டால், அது எவ்வளவு நல்ல சாமானா இருக்கவேணும் எண்டு நினைச்சன்.”

“அது என்ரை கதையே அண்ணை? நான் எந்தக் காலத்திலை ‘குறைஞ்சிடுச்சு’ எண்டனான்? எந்தக் காலத்திலை ‘வாங்குங்க’ எண்டனான்?”

“ரீவியிலை வாறவை எல்லாரும் அப்பிடித்தானே கதைக்கினம். நீயும் மேலை ஏறினவுடனை அப்பிடிக் கதைக்கிறாயாக்கும் எண்டு நினைச்சன்.”

வேறு நேரமென்றால் இதை வைத்து நான் ஒரு கிழமைக்குச் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா தேயிலைப் பெட்டியில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தார். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பிள்ளை, “வணக்கம் மேடம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?” என்றாள்.

“உங்கடை போட்டிலை நிக்கிறது நான். என்னை இறக்கிவிடுங்கோ.”

“மேடம், நீங்க எங்க தேயிலை பாவிக்கிறீங்களா?”

“இல்லை. அதைத்தான் சொல்லுறன்.”

“பாவிக்கிறவங்கதான் முறைப்பாடு பண்ணலாம் மேடம். நீங்க வாங்கின பெட்டியோட நம்பர் வேணும்.”

எங்களிடம் இருந்தது சும்மா தந்த பெட்டி. அதில் பெட்டி நம்பர் இல்லை. ஆகவே சின்னம்மா தன்னுடைய முகம் போட்ட பெட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார், தன்னுடைய முகத்தைப் பற்றி முறைப்பாடு செய்வதற்காக. கடைக்காரப் பெடியன் மற்றவர்களுக்குக் காட்டினான்: “பாத்தியளே, அவாவே வாங்கிறா.” முறைப்பாட்டைப் பதிந்தார்கள். எங்களைத் தெரிவு செய்தமைக்கு நன்றி என்று கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான்.

“கழிவு ஒயில் ஒரு போத்தல் இருந்தால் காணும். நான் ஏறி அழிச்சுவிடுறன்” என்றேன். இதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. தேர்தல் காலங்களில் ஊரில் பல வேட்பாளர்களுக்கு மீசை வைத்த கை இது.

“வேண்டாம். முகத்தை அழிச்சால் ஆர் சொன்னதெண்டு தெரியாமல் போகும். சொன்னது அப்பிடியே எல்லாற்றை வீட்டிலையும் கிடக்கும்.”

அடுத்த நாளில் இருந்து சந்தை கூடுவதற்கு முன் சின்னம்மா பஸ் நிற்கிற இடத்துக்குப் போகத் தொடங்கினார். கூடையும் இல்லை, தராசும் இல்லை. விற்க ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு அவர் சனத்துக்கு நடுவில் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். கை எங்கே இருக்கவேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. மேலே காட்டிச் சொல்லுவார்:

“உவள் பொய் சொல்லுறாள். உவளை நம்பி ஒருத்தரும் குளிசையை விட்டிடாதேங்கோ.”

சனம் விலகி நின்றது. சிலர் சிரித்தார்கள். ஒரு பெடியன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே, “அக்கா, இதுவும் விளம்பரமோ? கடைசியிலை என்ன குடுப்பினம்?” என்று கேட்டான். சின்னம்மா எதைச் சொன்னாலும் அதன் பின்னால் ஒரு பெட்டி இருக்கும் என்று சனம் காத்துக்கொண்டிருந்தது. ஒரு கத்தரிக்காயை நேற்றையது என்று சொன்னால் நம்புகிற சனம் இது.

ஒரு காலையில் பருத்தித்துறை பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணின் பையில் இரண்டு சுகமூலிப் பெட்டிகள் தெரிந்தன. சின்னம்மா அவரிடம் போனார்.

“ஆருக்கு?”

“இவருக்குத்தான். சீனி கூடிப்போச்சு.”

“உவளை நம்பி வாங்கினனீங்களோ?”

“ஓம். உவா பொய் சொல்லுற முகமில்லை.”

“உது நான்.”

அந்தப் பெண் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். “நீங்களோ? உவா நல்ல சிரிச்ச முகமெல்லே.”

சின்னம்மா சிரிக்கப் பார்த்தார். அடையாள அட்டைதான் வந்தது. வாயை இன்னும் கொஞ்சம் விரித்தார். அந்தப் பெண் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளில் இருந்து அந்தச் சிரிப்பை நானும் காணவில்லை. கோப்பையைத் தலையில் கவிழ்த்தும் பார்த்தேன், நடக்கவில்லை.

“ஆரபி,” என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமல். “உன்ரை குரங்கு மூஞ்சையைக் காட்டு.”

பஸ் வந்துகொண்டிருந்தது. மிளகாய் இல்லை. காதை இழுத்தேன், கண்ணைப் புரட்டினேன். சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அசைவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், வெற்றிலை அடக்கியதுபோல் ஒரு கன்னத்தை உப்பவைத்து, தியாகலிங்கம் அண்ணையின் குரலில், “என்ன உதயகலா, சர்க்கரை முடிஞ்சுதாமே?” என்றேன்.

சின்னம்மாவின் இடது கன்னத்தில் மடிப்பு விழுந்தது. பல் முழுக்கத் தெரிந்தது. மேலே இருப்பதேதான். கண் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

அந்தப் பெண் மேலே பார்க்காமலே சொன்னார்: “ஓம். நீங்கள்தான்.”

“குளிசை போடுறவரோ?”

“இதைக் குடிச்சால் விடலாமெண்டு சொன்னவை.”

“விடக்கூடாது. உதைக் குடிச்சாலும் குடிக்காட்டிலும் விடக்கூடாது. உவளை நம்பின ஒருத்தருக்குக் கால் போச்சு.”

பஸ் நின்றது. பெட்டிகளோடேயே ஏறினார். யன்னலுக்கு வந்து, “அப்ப குளிசையை விடக்கூடாது, என்ன?” என்று திரும்பக் கேட்டார். சின்னம்மா தலையாட்டினார். பஸ் போனது. வீட்டில் போய் என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

போட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அண்ணை வீட்டில் இருக்கிறார். வெற்றிலையைக் குணலட்சுமி விற்கிறார். எங்களோடு கதைக்கிறார், ஆனால் அளவாக. நாங்கள் காலையில் போய் நிற்கிறோம். யாராவது நம்பாமல் பார்த்தால் சின்னம்மா என்னைக் கூப்பிடுவார். நான் கன்னத்தை உப்பவைத்து அண்ணையின் குரலில் கேட்பேன். சில நாட்களில் சிரிப்பு வருகிறது. சில நாட்களில் எவ்வளவு கேட்டாலும் வருவதில்லை. அந்த நாட்களில் சனம் மேலே இருக்கிறவளைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறிப் போகிறது.