கட்டிலுக்கு அடியில் ஒரு பெயர்

செருப்பைக் கழற்றிவிட்டு, ரொனால்ட் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தார். இடப்பக்கம் புரண்டார், வலப்பக்கம் புரண்டார், கண்ணை மூடி இருமிக்கூடப் பார்த்தார். எங்கோ ஒரு கம்பி கிறீச்சிட்டது. "இருமுனா சத்தம் போடுது லா. நெஞ்சுல தையல் போட்டவன் இதுல எப்படித் தூங்குவான்?" என்று எழுந்து திருப்புளியைத் தேடினார்.

தம்போயில் இருக்கும் அவருடைய பட்டறைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்கள் மட்டுமே பழுதுபார்க்க வரும். முப்பது வருடமாக இதே வேலை. இத்தனை கட்டிலில் படுத்தும் ஒரு நாள்கூட நோயாளியாகப் படுத்ததில்லை என்று மனிதருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தேநீர் வேளையில் வாயைக் கிளறினால் போதும், ஆஸ்பத்திரிகளின் பூர்வீகமே கொட்டும். "பாரிஸ்ல அந்தக் காலத்துல ஒரு கட்டில்ல மூணு பேராம். அலமாக்! நடுவுல மாட்டுனவன் கதிய நெனச்சுப் பாருங்க." சோழர் காலத்து ஆதுலர் சாலை ஒன்றில், அதாவது அன்றைய மருத்துவமனையில், பதினைந்து கட்டில்கள் இருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறதாம். அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதன்மேல் அவருக்குப் பெருமையும் உண்டு, ஆத்திரமும் உண்டு.

"வைத்தியர் இருக்காரு, அறுக்குறவரு இருக்காரு, தாதி, நாவிதர், தண்ணி கொண்டாறவன் வரைக்கும் இருக்கான். கட்டில் ஆடுனா சரி பண்ணது யாரு? அந்த ஆளப் பத்தி ஒரு எழுத்து கிடையாது!"

அந்த ஆளுக்காக இவர் இன்னும் வஞ்சம் தீர்த்துக்கொண்டிருக்கிறார். சரிசெய்த ஒவ்வொரு கட்டிலின் அடிச்சட்டத்திலும் ஆணியால் தன் பெயரைக் கீறாமல் அனுப்ப மாட்டார்.

போன வாரம் அவருடைய மனைவி கத்தரினை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை இருதய அறுவை. ஊருக்கெல்லாம் கதை சொன்ன வாயிலிருந்து அன்று ஒரு கதைகூட வரவில்லை. பயம்தான், வேறென்ன?

தாதி காட்டிய கட்டிலுக்கு அடியில் குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தில் நான்கு பக்கமும் தேடினார். பெயர் இல்லை.

"என்னங்க, எல்லாரும் பாக்குறாங்க," என்றார் கத்தரின்.

"கொஞ்சம் நில்லு."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். இடப்பக்கம் புரண்டார், வலப்பக்கம் புரண்டார். மலாய்த் தாதி ஒருத்தி ஓடிவந்து, "பக்சிக், சியாப்பா சாக்கிட்?" என்று, நோயாளி யாரென்றே புரியாமல் கேட்டாள். ரொனால்ட் கண்ணை மூடி ஒருமுறை இருமினார். கட்டிலில் சத்தமில்லை. இன்னொருமுறை, பலமாக இருமினார். பிறகு இறங்கி, கசங்கிய விரிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு, கத்தரினை நோக்கிக் கையை நீட்டினார்.