படகை இழுத்துச் சென்ற அநாதை வலை

தோழர்களே, கடலில் கைவிடப்படும் வலைகள் மீன்களோடு மனிதரையும் சிறைப்படுத்துகின்றன.

இன்று பூவிருந்தவல்லிச் சந்தையில் மீன் வெட்டும் அக்காவிடம், நாகப்பட்டினத்தில் படகேறிய அவர் கணவரைப் பற்றி விசாரித்தேன்.

"கடல்ல கெடந்த பழைய வலை ஒண்ணு படகுக்கு அடில கீற காத்தாடில சுத்திகிச்சு அண்ணாத்தே. இன்ஜின் நின்னுடுச்சு. தண்ணி இழுத்துகினு எல்லைக்கு அந்தாண்ட உட்டுச்சு. இலங்கை ஜெயில்ல கீறாரு."

அருகில் நின்றவர் கேட்டார்: "யார் வுட்ட வலைக்கா அது?"

"ரோந்து கப்பல் வந்தா ரெண்டு நாட்டு மீன்காரனும் வலைய அறுத்துட்டுத்தான் ஓடறான். அதுல பேரா எழுதிகீது?"

வெட்டுக்கத்தி நிற்கவில்லை. அவர் அழவுமில்லை.

மீனவரைப் பிடிக்கத் தனித்தனியே கப்பல் அனுப்பும் அரசுகள், வலைகளை அகற்ற ஒரு கப்பலைச் சேர்ந்து அனுப்பக் கூடாதா?

உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இன்றே கேளுங்கள். அவர் வாய்திறந்தால், சொன்னதைக் கீழே எழுதுங்கள்.