கற்பனை எண்ணும் கொழுந்தனின் முழங்காலும்

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒருவருக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கு வந்தது. அதுவும் மாணவர் நாற்பது தாண்டிய கொழுந்தன். திட்டவும் முடியாது, காதைத் திருகவும் முடியாது.

என் கணவரின் தம்பி லிப்ட் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உயரமான கட்டடங்களின் உச்சியிலேயே கிடப்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'மாடி'. அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். லிப்ட் நின்றுபோனால் ஊரே கீழே நின்று திட்டும். சரிசெய்யப் போகிறவர் படியேறித்தான் போக வேண்டும். வருடக்கணக்கில் ஏறி ஏறி வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. கம்பெனிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து அங்கே நொண்டாமல் நடப்பார். தெருமுனை திரும்பிய பிறகுதான் நொண்ட ஆரம்பிப்பார்.

உட்கார்ந்தே பார்க்கும் மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. டிப்ளமோ இருந்தால் அது அவருக்குத்தான் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். டிப்ளமோவில் கணக்குத் தாள் மட்டும் பாக்கி. இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டிருந்தார். இந்த முறையும் போனால் அந்த வேலைக்கான வயது வரம்பு தாண்டிவிடும்.

"அண்ணி, இல்லாத எண்ணை வச்சுக் கணக்குப் போடச் சொல்றாங்க. இருக்கிற எண்ணுக்கே எனக்கு மூச்சு முட்டுது" என்றார் முதல் நாளே.

i என்கிற கற்பனை எண்ணை அதே i-ஆல் பெருக்கினால் மைனஸ் ஒன்று, அவ்வளவுதான், இருக்கா இல்லையா என்று தத்துவம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை உடனே பிடித்துக்கொண்டார். தகராறெல்லாம் எதை முதலில் செய்வது என்பதில்தான். அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோளாறென்றாலும் முதலில் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய்விட்டு, பிறகு ஒவ்வொரு தளமாக இறங்கி வருவார். கணக்கையும் மாடி அப்படியே பார்த்தார். எண்ணின் தலையில் அடுக்கு உட்கார்ந்திருந்தால் கை நேராக அங்கேதான் போகும்.

(2 − 3i)² − i² என்று எழுதிக் கொடுத்துச் சுருக்கச் சொன்னேன். கடைசியில் இருந்த i²-ஐ மைனஸ் ஒன்றாக்கி, முன்னால் நின்ற மைனஸோடு சேர்த்துப் பிளஸ் ஒன்று என்று அழகாக எழுதினார். பரவாயில்லையே என்று நான் நினைப்பதற்குள், அடைப்புக்குறிக்குள் கைவிட்டு 2-க்குத் தனியாக வர்க்கம், −3i-க்குத் தனியாக வர்க்கம் எடுத்துவிட்டார். நான்கு, மைனஸ் ஒன்பது, பிளஸ் ஒன்று. விடை மைனஸ் நான்கு என்று அடிக்கோடு வேறு.

அடைப்புக்குறிதான் முதலில் என்று நான் கத்துவேன். உள்ளே இருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று சேரவே சேராதே, அங்கே முதலில் என்னத்தைச் செய்வது என்று அவர் முனகுவார். வாரக்கணக்கில் இதே கூத்து. அவர் பென்சில் சீவ ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒரு மாலை வேலை உடையோடு வந்து, வலிக்கிற காலை நாற்காலி மேல் நீட்டிப் போட்டுக்கொண்டு, மறுபடியும் அதே தப்பைச் செய்தார். எனக்குக் கத்தவும் தெம்பில்லை.

"தம்பி, லிப்ட்டுக்குள்ள ரெண்டு பேர் நிக்கிறாங்க. ஒருத்தரோட ஒருத்தருக்குப் பேச்சுவார்த்தையே இல்ல. அதுக்காக ஆளாளுக்குத் தனியாவா தூக்குவீங்க?"

"பெட்டியோடதானே தூக்கணும்."

"இதுவும் பெட்டிதான். முழுசா ரெண்டு தடவை எழுதிப் பெருக்குங்க."

எழுதினார். குறுக்கே பெருக்கும்போது நடுவில் மைனஸ் ஆறு i இரண்டு முறை வந்தது. அதுதான் இத்தனை நாளும் அவர் தொலைத்துக்கொண்டிருந்த மைனஸ் பன்னிரண்டு i. விடை −4 − 12i என்று எழுதிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்ல இவ்வளவு நாளா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றோடு கடையைக் கட்டியிருப்பேன்.

தேர்வு எழுதிவிட்டு வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். பெட்டி பெட்டியாகத் தூக்கினேன் என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

முடிவு வந்த அன்று வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தேர்ச்சி. மதிப்பெண் மட்டுமட்டாக இருந்தது, நூலிழையில் தப்பித்திருந்தார். சொன்னேன்.

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். "இனிமே ஏற வேண்டாம்ல அண்ணி?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டு, தோள் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தவர், நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் என் ஓரகத்தி மூச்சிரைக்க வந்தாள். புருஷன் கிடந்த கிடப்பைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. பாஸ் என்று மெதுவாகச் சொன்னேன். அப்படியே அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாய் காபியாவது குடிக்கட்டும், எழுப்புகிறேன் என்று குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம்க்கா. ராத்திரியெல்லாம் வலியில முனகிக்கிட்டேதான் கிடப்பாரு. இப்படிச் சத்தமில்லாம தூங்கி நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருக்கேன்."